வேலூரிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கு வீட்டுச் சாமான்களைக் கப்பலில் அனுப்புவது எப்படி?

மருத்துவமனைப் பணிக்காகவோ கணினி வேலைக்காகவோ வேலூர், காட்பாடிப் பக்கத்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குக் குடும்பத்தோடு குடிபெயர்வோர், விமானத்தில் கொண்டுபோக முடியாத சாமான்களைச் சென்னைத் துறைமுகம் வழியாக அனுப்பலாம். பெட்டி கட்டுவதற்கு முன்பே எதை எடுப்பது, எதை விடுவது என்று முடிவு செய்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

முதல் படி, கன அளவைக் கணக்கிடுவது. 20 அடி கன்டெய்னரில் ஏறத்தாழ 33 கன மீட்டர் இடம் உண்டு. அவ்வளவு சாமான் இல்லாதவர்கள் பிறரோடு பங்கிட்டு அனுப்பலாம். பங்குக் கன்டெய்னரில் வீட்டுச் சாமான்களுக்குப் பெரும்பாலும் எடையைவிட இடத்துக்கே கட்டணம் கணக்கிடப்படும். 60 செ.மீ. நீளமும் 45 செ.மீ. அகலமும் உயரமும் உள்ள அட்டைப்பெட்டிகள் எட்டு சேர்ந்தால் கிட்டத்தட்ட ஒரு கன மீட்டர். ஆகவே, இடத்தை அடைக்கும் பிளைவுட் அலமாரியை இங்கேயே விற்றுவிடுங்கள். கனமாக இருந்தாலும் சிறிய இடத்தில் அடங்கும் வெட் கிரைண்டரை எடுத்துச் செல்லுங்கள். அங்கும் 230 வோல்ட் மின்சாரம்தான் என்பதால் பிளக்கை மட்டும் மாற்றினால் போதும்.

இரண்டாம் படியில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். ஆஸ்திரேலியாவின் உயிரிப் பாதுகாப்பு விதிகள் மிகவும் கடுமையானவை. காப்ரா வண்டு என்னும் தானியப் பூச்சி நுழைந்துவிடும் என்ற அச்சத்தால், அரிசி, துவரை, உளுந்து, கொண்டைக்கடலை, மல்லி, சீரகம், காய்ந்த மிளகாய் ஆகியவற்றை வீட்டுச் சாமான்களோடு அனுப்பத் தடை உள்ளது. அம்மா ஆசையோடு வறுத்துக் கட்டிக்கொடுக்க நினைக்கும் மளிகை மூட்டையை, மனம் வராவிட்டாலும், வீட்டிலேயே விட்டுவிட வேண்டும். இலவம்பாடி முள்ளுக்கத்தரி விதையை ஒரு காகிதத்தில் மடித்துச் சேலைக்குள் செருகுவதும் கூடாது. மூங்கில் முறம், தென்னந்துடைப்பம், வந்தவாசிக் கோரைப்பாய் போன்றவை சோதனைக்கு உள்ளாகும். பூச்சி தென்பட்டால் சுத்திகரிப்புச் செலவு உங்களுடையது. செருப்பின் அடி, சைக்கிள் டயர், மண்வெட்டி ஆகியவற்றில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தேய்த்துக் கழுவி, நன்றாகக் காயவைத்த பிறகே பெட்டியில் வையுங்கள்.

இந்தியச் சட்டத்தையும் மறக்க வேண்டாம். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, 100 ஆண்டுகளைக் கடந்த சிலைகளையும் 75 ஆண்டுகளைக் கடந்த மதிப்புடைய சுவடிகளையும் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது. பூசையறை ஐம்பொன் சிலை புதியதாக இருந்தாலும், பழமையான தோற்றம் கொண்டிருந்தால், அது தொல்பொருள் அல்ல என்ற சான்றிதழை இந்தியத் தொல்லியல் துறையிடம் முன்கூட்டியே பெற்றுவிடுவது நல்லது. சந்தனக் கட்டையும் யானைத் தந்தமும் வேண்டவே வேண்டாம். ரோஸ்வுட் எனப்படும் ஈட்டி மரச் சாமான்களுக்குப் பன்னாட்டுக் கட்டுப்பாடு இருப்பதால், அவற்றுக்கு அனுமதிச் சீட்டு தேவையா என்று, சாமான்களை அனுப்பித்தரும் கப்பல் முகவரிடம் கேளுங்கள்.

மூன்றாவதாக, ஒவ்வொரு பெட்டிக்கும் எண்ணிட்டு, உள்ளே இருப்பதையும் அதன் மதிப்பையும் பட்டியலிடுங்கள். ‘சமையல் சாமான்’ என்று மொத்தமாக எழுதினால் சுங்க அதிகாரி பெட்டியைத் திறக்கவே நேரும். ஆஸ்திரேலியச் சுங்கத்துக்கான பி534 படிவத்தை இந்தப் பட்டியலை வைத்தே நிரப்பலாம். நீங்கள் 12 மாதமாவது வைத்திருந்து பயன்படுத்திய பொருள்களுக்கு வரிச்சலுகை உண்டு. கிளம்புகிறீர்கள் என்றதும் உறவினர் வாங்கித்தரும் புத்தம்புதுப் பாத்திரங்களுக்கு அது பொருந்தாது.

கடைசியாக, பெட்டி கட்டுவது. மரப்பெட்டி செய்தால், மரத்தின் உட்பகுதி 56 டிகிரி செல்சியஸில் 30 நிமிடம் சூடேற்றப்பட்டதைக் காட்டும் பன்னாட்டு முத்திரை அதில் இருக்க வேண்டும். கடல் ஈரம் துணிகளைப் பூஞ்சையாக்கும் என்பதால் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைப் போடுங்கள். பட்டியலின் ஒரு நகலையும் பாஸ்போர்ட்டையும் பழைய ரசீதுகளையும் பெட்டிகளோடு அனுப்பிவிடாமல், விமானத்தில் உங்கள் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.