கும்கி கேட்காத ஸ்பீக்கர்: பழைய ஜோடியைப் பழுது பார்ப்பது எப்படி

மாமா 1981இல் சிங்கப்பூரிலிருந்து திரும்பியபோது கொண்டுவந்த ஜோடி அது. கனத்த ஒலிக்கு எட்டு அங்குல ஊஃபர், கீச்சு ஒலிக்கு ஒரு அங்குல ட்வீட்டர், தேக்கு வெனீர் ஒட்டிய மூடிய பெட்டி. பல வருடம் பரணில் கிடந்து, போன மார்கழியில் என் கைக்கு வந்தது. ஒரு கச்சேரிப் பதிவைப் போட்டேன். மிருதங்கத்தின் வலது முகமான வலந்தலை கணீரென்று கேட்டது. இடது முகமான தொப்பியில் கும்கி, அதாவது வளைந்து எழும் கனத்த நாதம், வரவேண்டிய இடத்தில் மட்டும் காகிதம் கிழிகிற மாதிரி 'பர்ர்' என்றது. கடையில் காட்டினால், "இந்த ஊஃபரைத் தூக்கிப் போட்டுட்டு புதுசு மாட்டிக்கலாம்" என்றார்கள். மனசு கேட்கவில்லை, திரும்பத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பெட்டியின் அளவும், ஒலியை ஊஃபருக்கும் ட்வீட்டருக்கும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவரும் அந்த ஊஃபருக்கென்றே கணக்குப் போட்டுச் செய்தவை. ஊஃபரை அசைக்கும் கம்பிச் சுருளான காயில் உயிரோடு இருக்கும்வரை அதை மாற்றாதீர்கள்.

பெட்டியைத் திறக்கும் முன், பெட்டிகளின் பின்பக்கம் இடது வலது வயர்களை மாற்றிச் செருகிப் பாருங்கள். கோளாறு அடுத்த பெட்டிக்குத் தாவினால் ஸ்பீக்கரில் குற்றம் இல்லை, ஆம்ப்ளிஃபயரையோ வயரையோ பார்க்க வேண்டும். அதே பெட்டியில் நின்றால்தான் மேற்கொண்டு வேலை.

முன் துணியைக் கழற்றி, ஊஃபரில் அதிரும் காகிதக் கூம்பான கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையத்தை விரலால் லேசாகத் தொடுங்கள். என்னுடையது விபூதி மாதிரி உதிர்ந்தது. இந்த ஃபோம் காற்றிலுள்ள ஈரத்தாலேயே மெல்ல மெல்ல இற்றுப்போகும். பாட்டே போடாமல் பரணில் வைத்திருந்தாலும் தப்பாது, கடலோர ஊரில் கேட்கவே வேண்டாம். மூடிய பெட்டியில் இதனால் இரட்டை நஷ்டம். 1954இல் அமெரிக்காவில் எட்கர் வில்ச்சூர் கொண்டுவந்த முறைப்படி, பெட்டிக்குள் அடைபட்ட காற்றுதான் கோனுக்கு ஸ்பிரிங். வளையம் கிழிந்தால் காற்று ஒழுகும், அதோடு பேஸும், அதாவது கனத்த ஒலியும், போய்விடும்.

திருகுகளைக் கழற்றும்போது ஒரு கையைக் கோனுக்கு மேலே குடைபோலப் பிடித்துக்கொள்ளுங்கள். காந்தம் ஸ்க்ரூடிரைவரைச் சட்டென்று இழுத்துக் கோனைக் குத்திவிடும். உள்ளே கண்ணாடிப் பஞ்சு இருக்கும். கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு எடுங்கள், அதே அளவு திரும்ப வையுங்கள். ஊஃபரின் வயரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால், எட்டு ஓம் ஊஃபர் சுமார் 5.5 முதல் 7 ஓம் வரை காட்டும். எதுவுமே காட்டாவிட்டால் காயில் அறுந்திருக்கலாம். அதற்கு முன் கோனிலிருந்து டெர்மினலுக்குப் போகும் பின்னல் வயரைப் பாருங்கள். ஆடி ஆடி அது அறுவதும் உண்டு, சால்டரிங்கில் சரியாகிவிடும். அப்புறம் இரண்டு கை விரல்களால் கோனைச் சமமாக அழுத்தி விடுங்கள். உரசல் சத்தம் இல்லையென்றால் காயில் நன்றாக இருக்கிறது.

இனி ஃபோம் மாற்றும் வேலை. 'எட்டு அங்குலம்' என்று மட்டும் சொல்லி வாங்கினால் பொருந்தாது. கோனின் விளிம்பு விட்டம், வளையத்தின் உருண்ட பகுதியின் அகலம், ஃப்ரேமில் ஒட்டும் இடத்தின் வெளி விட்டம், இந்த மூன்றையும் மில்லிமீட்டரில் அளந்துகொண்டு போங்கள். எனக்குச் சென்னை ரிச்சி தெருவில் மூன்றாவது கடையில்தான் கிடைத்தது. பழைய பசையைச் சுரண்டுவதற்கு ஒரு முழு மாலை ஆகும், அவசரமே கூடாது. ஐசோபுரோபைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டு, இரண்டு விரல் அகலம் ஊறவிட்டு, மழுங்கிய கத்தியால் உருட்டி எடுங்கள். காகிதக் கோனைச் சொட்டச் சொட்ட நனைக்காதீர்கள்.

முதலில் ஃபோமைக் கோனில் மட்டும் வெள்ளைப் பசையால் ஒட்டிக் காயவிடுங்கள். பழையது கோனின் முன்பக்கமா பின்பக்கமா ஒட்டியிருந்தது என்று பார்த்து, அப்படியே ஒட்டுங்கள். செருப்புக்குப் போடும் ரப்பர் பசை வேண்டாம், தொட்டவுடன் பிடித்துக்கொள்ளும், நகர்த்த நேரம் தராது. மறுநாள் ஃப்ரேமில் ஒட்டும்போதுதான் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும், காயில் காந்த இடுக்கின் நடுவில் நிற்க வேண்டுமே. நடுவிலுள்ள தூசி மூடியை பிளேடால் அறுத்துத் திறந்து, பழைய எக்ஸ்ரே ஃபிலிமை மெல்லிய பட்டைகளாக வெட்டி, காயிலுக்கும் நடு இரும்புக்கும் இடையே நான்கு திசையிலும் செருகினேன். 24 மணி நேரம் கழித்துப் பட்டைகளை உருவிவிட்டுக் கோனை அழுத்தினால், துளி உரசல் இல்லாமல் பஞ்சு மெத்தை போல இறங்கி ஏற வேண்டும். அதன் பிறகே மூடியை ஒட்டுங்கள்.

ட்வீட்டர் மங்கலாக இருந்தால் கிராஸ்ஓவரில் உள்ள கண்டென்சரைச் சந்தேகப்படுங்கள். நாற்பது வருடத்தில் எலக்ட்ரோலிட்டிக் ரகக் கண்டென்சரின் அளவு மாறிவிடும். அதில் அச்சிட்டிருக்கும் அதே மைக்ரோஃபாரடில், துருவமில்லாத ரகம் போடுங்கள். இரண்டு பெட்டியிலும் சேர்த்து மாற்றுங்கள். ட்வீட்டர் அளவைக் கூட்டிக் குறைக்கும் திருகி கரகரத்தால், கான்டாக்ட் கிளீனர் அடித்து இருபது முப்பது தடவை திருப்பினால் பெரும்பாலும் சரியாகும்.

திரும்பப் பொருத்தும்போது ஃப்ரேமுக்கும் பலகைக்கும் நடுவே ஃபோம் டேப் ஒட்டுங்கள். கோனை மெல்ல அழுத்தி விட்டால், துள்ளாமல் நிதானமாகத் திரும்பி வர வேண்டும். துள்ளினால் எங்கோ காற்று ஒழுகுகிறது. கடைசியாக 1.5 வோல்ட் பேட்டரியை இரண்டு பெட்டியின் பின் டெர்மினலிலும் ஒரே மாதிரி ஒரு நொடி தொடுங்கள். இரண்டு கோனும் ஒரே பக்கம் நகர வேண்டும். எனக்கு ஒன்று உள்ளே போனது, வயரை மாற்றிச் செருகியிருந்தேன். அப்படியே விட்டிருந்தால் இரண்டும் சேர்ந்து பாடும்போது பேஸ் ஒன்றையொன்று தின்றுவிடும்.

சரிசெய்துவிட்டு அதே கச்சேரியைப் போட்டேன். தனி ஆவர்த்தனத்தில் தொப்பி 'கும்' என்று வளைந்து எழுந்தபோது பெட்டிமேல் வைத்த உள்ளங்கையில் அதிர்வு தெரிந்தது. இந்த ஃபோமும் ஒருநாள் இற்றுப்போகும். அதனால் ஒட்டிய தேதியையும் அந்த மூன்று அளவுகளையும் ஒரு சீட்டில் எழுதிப் பெட்டியின் பின்பக்கம் ஒட்டியிருக்கிறேன்.