டாம்பாவுக்கு வீடு மாறும் வேலூர்க்காரர்கள் முதலில் செய்ய வேண்டியது

வேலூர், காட்பாடி, குடியாத்தம், ஆம்பூர், இராணிப்பேட்டை என்று பழைய வட ஆற்காட்டின் எந்த ஊரிலிருந்து அமெரிக்கா வந்தவராக இருந்தாலும், ஒஹாயோ மாநிலத்துக் கொலம்பஸ் போல நான்கு பருவமும் மாறி மாறி வரும் உள்நாட்டு நகரத்தில் சில ஆண்டுகள் குளிரில் கழித்துவிட்டு, புளோரிடாவின் டாம்பாவில் வேலை கிடைத்ததும் ஒரே வார்த்தையைத்தான் சொல்கிறார்: "வெயில்தானே, நாம் பார்க்காத வெயிலா?" இங்கே புதிதாக வரும் ஒவ்வொரு குடும்பத்திடமும் இதைக் கேட்கிறேன், கேட்கும்போதெல்லாம் மனம் பதறுகிறது. டாம்பாவில் நம்மவர்களின் கையைச் சுட்டது வெயில் இல்லை, தண்ணீர். ஆகையால் இந்த வழிகாட்டியின் பெரும்பகுதி தண்ணீரைப் பற்றியது. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை மட்டும். கத்திரி வெயிலில் வேலூர் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டாம்பாவின் கோடையோ பெரும்பாலும் 32, 33 டிகிரியோடு நின்றுவிடும். எண்களை மட்டும் பார்த்தால் டாம்பாதான் சுகமான ஊர் என்று தோன்றும். ஆனால் ஊரில் வெயில் தாழ்ந்ததும் மொட்டை மாடியில் தண்ணீர் தெளித்துப் பாய் விரித்தால் உறக்கம் வந்துவிடும். இங்கே காற்றிலேயே ஈரம் நிறைந்திருப்பதால் வியர்வை ஆவியாகாமல் உடம்பிலேயே நிற்கும், நள்ளிரவிலும் 25 டிகிரிக்குக் கீழே இறங்குவது அரிது. ஊரிலிருந்து வந்து தங்கும் அப்பா அம்மாவைக் காலை எட்டு மணிக்குள் நடைப்பயிற்சியை முடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை பிற்பகலில் இடியும் மின்னலும் ஏறக்குறைய அன்றாட நிகழ்ச்சி. இடிச் சத்தம் காதில் விழுந்தால் குழந்தைகளை நீச்சல் குளத்திலிருந்து உடனே வெளியே அழைத்துவிட வேண்டும்.

அலுவலகக் காரியங்கள் எளியவை. செய்ய வேண்டிய நாளில் செய்துவிட்டால் போதும். எச்-1பி என்னும் வேலை விசாவில் இருப்பவர்கள் கொலம்பஸ் வட்டாரத்தை விட்டு டாம்பா வட்டாரத்திற்கு வேலை இடத்தை மாற்றுவதற்கு முன்பே நிறுவனம் திருத்த மனுவைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். அந்த ரசீதைக் கண்ணால் பார்க்காமல் லாரியில் சாமான் ஏற்றாதீர்கள். குடியுரிமை இல்லாதவர்கள் புதிய முகவரியை 10 நாட்களுக்குள் குடிவரவுத் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். வேலையில் சேர்ந்தாலோ பிள்ளையைப் பள்ளியில் சேர்த்தாலோ 10 நாட்களுக்குள் காரைப் புளோரிடாவில் பதிவு செய்ய வேண்டும். ஓட்டுநர் உரிமத்தை மாற்ற 30 நாட்கள் அவகாசம் உண்டு. பிள்ளைகளின் தடுப்பூசி விவரங்களைப் புளோரிடாவின் படிவத்தில் ஏற்றி வாங்கினால்தான் பள்ளியில் சேர்ப்பார்கள். இந்தியத் தூதரக வேலைகளுக்கு இனி அட்லாண்டாதான். புளோரிடாவில் மாநில வருமான வரி கிடையாது. கொலம்பஸ் நகரம் பிடித்துக்கொண்ட 2.5 சதவீத நகர வரியும் இனி இல்லை. அப்படி மிஞ்சும் பணத்தில் முதல் பங்கைக் காப்பீட்டுக்கென்று ஒதுக்கிவையுங்கள்.

குடியாத்தத்தைச் சேர்ந்த என் நண்பர் 2024 ஆகஸ்ட் கடைசியில் கொலம்பஸிலிருந்து மனைவியோடும் மகளோடும் இங்கே வந்தார். பழைய டாம்பா விரிகுடாவுக்கு அருகில், நல்ல பள்ளி வட்டாரத்தில், தோட்டத்தோடு கூடிய ஒற்றைத் தள வீடு வாடகைக்குக் கிடைத்தது. வாடகைதாரர் காப்பீடு எடுத்தாக வேண்டும் என்று வீட்டுக்காரர் ஒப்பந்தத்திலேயே எழுதியிருந்ததால் அதையும் எடுத்தார். முகவர் தொலைபேசியில் திருட்டு, தீ, காற்று, குழாய் உடைப்பு என்று வரிசையாக அடுக்கினார். நண்பரும் எல்லாம் அடங்கிவிட்டது என்று நிம்மதியாக இருந்தார். வெள்ளம் அந்த வரிசையில் இல்லை என்பதை முகவர் சொல்லவில்லை. ஓர் ஊருக்குப் புதிதாக வரும் குடும்பத்திடம் அந்த ஊரின் தலையாய ஆபத்தை வாய்விட்டுச் சொல்லாமல் பாலிசி விற்பதை என்னால் இன்றும் பொறுத்துக்கொள்ள முடியவில்லை.

இந்த ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். அமெரிக்காவில் சாதாரண வீட்டுக் காப்பீடோ வாடகைதாரர் காப்பீடோ வெள்ளச் சேதத்திற்குப் பணம் தராது. புயல் காற்று கூரையைப் பெயர்த்து, அந்த வழியாக மழை உள்ளே இறங்கினால் அது காற்றின் கணக்கு. தரை வழியாக ஏறி வாசற்படியைத் தாண்டும் தண்ணீர், அது மழை வெள்ளமானாலும் புயல் தள்ளிக்கொண்டு வந்த கடல் நீரானாலும், வெள்ளத்தின் கணக்கு. அதற்குத் தனியாகப் பாலிசி வேண்டும். 1968-இல் தொடங்கிய தேசிய வெள்ளக் காப்பீட்டுத் திட்டம் வீட்டுக் கட்டடத்திற்கு 2,50,000 டாலர் வரையிலும் உள்ளே இருக்கும் பொருட்களுக்கு 1,00,000 டாலர் வரையிலும் காப்பு தருகிறது. வாடகைக்கு இருப்பவர் பொருட்களுக்கு மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

இந்தப் பாலிசி எடுத்த அன்றே அமலுக்கு வருவதில்லை. 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். கடன் வாங்கி வீடு வாங்குபவருக்கு, அந்தக் கடனையொட்டி எடுக்கும் பாலிசியில் இந்தக் காத்திருப்பு இல்லை. வாடகைக்காரருக்கு அந்தச் சலுகை கிடையாது. நண்பர் செப்டம்பர் நடுவில், ஆம்பூர்க்காரர் ஒருவர் கோயிலில் பேச்சுவாக்கில் சொன்ன பிறகு, வெள்ளப் பாலிசிக்குப் பணம் கட்டினார். அது அக்டோபர் நடுவில்தான் உயிர்பெறும் என்றார்கள். செப்டம்பர் 26-ஆம் தேதி ஹெலீன் சூறாவளி மெக்சிகோ வளைகுடா வழியாக மேலே ஏறியது. அதன் மையம் டாம்பாவிலிருந்து நூறு மைல்களுக்கும் மேலாக விலகிக் கடலிலேயே சென்று, வடக்கே புளோரிடாவின் வளைவுப் பகுதியில்தான் கரையைக் கடந்தது. ஆனாலும் டாம்பா விரிகுடாவில் 1921-ஆம் ஆண்டுச் சூறாவளிக்குப் பிறகு காணாத உயரத்திற்குக் கடல் நீர் ஏறியது. அந்த ஈரம் காய்வதற்குள் அக்டோபர் 9 அன்று மில்டன் சூறாவளி டாம்பாவுக்குத் தெற்கே கரையேறியது. நண்பரின் பாலிசி உயிர்பெறுவதற்குள் இரண்டும் வந்து போய்விட்டன.

வெளியேறும்படி உத்தரவு வந்ததுமே குடும்பம் என் வீட்டுக்கு வந்துவிட்டது. அதனால் உயிருக்கு ஆபத்து இல்லை. தண்ணீர் வடிந்த பிறகு அவரோடு நானும் போனேன். சுவரில் முழங்காலுக்கு மேலே பழுப்பு நிறத்தில் ஒரு கோடு வீடு முழுவதும் ஒரே மட்டத்தில் ஓடியது. குளிர்சாதனப் பெட்டி மிதந்து போய்ச் சமையலறை வாசலில் குறுக்கே கவிழ்ந்து கிடந்தது. அலமாரியின் கீழ் இழுப்பறையில் இருந்த ஆரணிப் பட்டுப் புடவைகளை நண்பரின் மனைவி ஒவ்வொன்றாக எடுத்துப் பிரித்தார். உப்பு நீரில் ஊறிச் சரிகை கறுத்திருந்தது, மடிப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிச் சாயம் இறங்கியிருந்தது. கட்டிலுக்கு அடியில் வைத்திருந்த கோப்பில் வேலூரில் அவர் படித்துப் பெற்ற செவிலியர் பட்டமும் தமிழ்நாடு செவிலியர் மன்றத்தின் பதிவுச் சான்றும் கூழாகிவிட்டன. புளோரிடா உரிமத்திற்கு விண்ணப்பிக்கத் தயாராக எடுத்து வைத்திருந்தவை அவை. நகல்கள் வாங்குவதற்காக எழுபது வயதைத் தாண்டிய அவருடைய அப்பா குடியாத்தத்துக்கும் வேலூருக்கும் சென்னைக்கும் எத்தனையோ முறை பேருந்து ஏறினார்.

நம் ஊரில் வெள்ளத்தைப் பற்றி நமக்கு இருக்கும் எண்ணம் இங்கே உதவாது. ஆண்டின் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும் பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டதையும், மோர்தானா அணை நிரம்பிக் கவுண்டன்யா ஆறு குடியாத்தத்தில் ஊருக்குள் புகுந்ததையும் நாம் பார்த்திருக்கிறோம். 1903-இல் வாணியம்பாடியைப் பாலாறு அழித்த கதையைத் தாத்தாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறோம். அங்கெல்லாம் ஆற்றங்கரையிலிருந்து தள்ளி இருந்தால் பயமில்லை, தண்ணீர் வந்தாலும் சாமான்களை மாடிக்கு ஏற்றிவிடலாம். கொலம்பஸில் கற்றுக்கொண்ட பழக்கமோ இதற்கு நேர் எதிர். அங்கே புதன்கிழமை நண்பகலில் சைரனைச் சோதித்துப் பார்ப்பார்கள். டொர்னேடோ என்னும் சூறைக்காற்று எச்சரிக்கை வந்தால் நிலவறைக்குள் இறங்கிவிடுவோம். டாம்பாவின் வீடுகளில் நிலவறையும் இல்லை, மொட்டை மாடியும் இல்லை. தண்ணீர் வருமென்றால் வீட்டை விட்டுக் கிளம்புவது ஒன்றே வழி.

வீடு பார்க்கும்போதே இரண்டு வரைபடங்களைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நம்மவர்கள் பலர் இரண்டையும் ஒன்று என்று நினைத்துவிடுகிறார்கள். முதலாவது, பேரிடர்களைக் கவனிக்கும் அமெரிக்க அரசு அமைப்பான ஃபெமா வெளியிடும் வெள்ள வரைபடம். ஏ அல்லது வி என்று தொடங்கும் பகுதிகள் அதிக ஆபத்து உள்ளவை, எக்ஸ் என்பது ஆபத்து குறைவு என்று மட்டுமே பொருள்படும். இரண்டாவது மாவட்ட நிர்வாகம் தரும் வெளியேற்ற வரைபடம். ஏ முதல் ஈ வரை எழுத்துகள் இருக்கும், எந்த எழுத்துக்காரர்கள் எப்போது கிளம்ப வேண்டும் என்று அறிவிப்பார்கள். வெள்ள வரைபடத்தில் எக்ஸாக இருக்கும் வீடு வெளியேற்ற வரைபடத்தில் ஏ-யாக இருக்கலாம். இரண்டையும் பார்த்துவிட்டு, வாடகை ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் நாளிலேயே, கொலம்பஸில் இருந்தபடியே, வெள்ளப் பாலிசிக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். சில தனியார் நிறுவனங்களின் பாலிசிகளில் காத்திருப்பு குறைவு என்பதால் அவற்றையும் விசாரிக்கலாம். இரண்டாம் மாடி அடுக்ககம் கிடைத்தால், கொஞ்சம் வாடகை கூடினாலும், முதல் ஆண்டுக்கு அதையே எடுங்கள் என்பது என் கருத்து.

பாலிசி கையில் இருந்தாலும் அதன் எல்லையைத் தெரிந்துகொள்ளுங்கள். அரசுத் திட்டம் பொருட்களுக்குத் தேய்மானம் கழித்த மதிப்பைத்தான் தரும். விடுதியில் தங்கும் செலவைத் தராது. நகைகளுக்கும் கலைப்பொருட்களுக்கும் சேர்த்து 2,500 டாலர்தான் உச்ச வரம்பு. நம் வீட்டுப் பெண்களின் தாலிக்கொடியும் வளையலும் அந்த வரம்பில் அடங்காது. நகைகளை வெளியேறும்போது உடன் எடுத்துச் செல்லுங்கள். காருக்கு வெள்ளப் பாலிசி பொருந்தாது. கார்க் காப்பீட்டில் 'காம்ப்ரிஹென்சிவ்' என்னும் காப்பு இருந்தால்தான் வெள்ளத்தில் மூழ்கிய காருக்குப் பணம் கிடைக்கும். பழைய கார்தானே என்று கொலம்பஸில் அதை நீக்கியவர்கள் இங்கே வந்ததும் திரும்பச் சேர்க்க வேண்டும். புயல் நெருங்கிவிட்டால் நிறுவனங்கள் புதிய காப்பு தருவதையே நிறுத்திவிடும். நண்பர் காரையும் இப்படித்தான் இழந்தார்.

அரசு நிவாரணத்தை நம்பி இருக்காதீர்கள். ஃபெமாவின் பண உதவி குடிமக்களுக்கும் பச்சை அட்டை உள்ளவர்கள் போன்ற சில வகையினருக்குமே உண்டு. எச்-1பி விசாவிலோ அவர்களின் குடும்பத்தாருக்கான எச்-4 விசாவிலோ இருப்பவர்கள் தங்கள் பெயரில் பெற முடியாது. ஆனால் வீட்டில் அமெரிக்காவில் பிறந்த குழந்தை இருந்தால் அந்தக் குழந்தையின் சார்பில் விண்ணப்பிக்கலாம். நண்பரின் மகள் கொலம்பஸில் பிறந்தவள் என்பதால் அந்த வழி திறந்தது. நமக்கு எதுவும் கிடைக்காது என்று விண்ணப்பிக்காமலே விட்டுவிட்ட குடும்பங்களையும் எனக்குத் தெரியும். அதனால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

வந்த முதல் வாரத்தில், சாமான்களை அடுக்கும் முன், கடவுச்சீட்டு, குடிவரவுத் துறையின் விசா அறிவிப்பான ஐ-797, திருமணச் சான்று, பட்டங்கள், மதிப்பெண் பட்டியல்கள், ஊரிலுள்ள நிலப் பத்திரங்கள் எல்லாவற்றையும் படமெடுத்து இணையச் சேமிப்பில் ஏற்றிவிட்டு, அசல்களைத் தண்ணீர் புகாத ஒரே பையில் போட்டுக் கதவருகே மேல்தட்டில் வையுங்கள். ஒவ்வொரு அறையாகச் சுற்றி வந்து, அலமாரிகளைத் திறந்து காட்டி, ஒரு காணொளி எடுத்து வையுங்கள். இழப்பீடு கேட்கும்போது அதுதான் சாட்சி.

புயல் வராத ஆண்டிலும் ஈரம் வீட்டுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும். ஊருக்குப் போகும்போது செலவை மிச்சப்படுத்த ஏசியை அணைத்துவிட்டுப் போனால், திரும்பி வரும்போது ஆம்பூரிலிருந்து வாங்கி வந்த தோல் காலணிகளில் பூஞ்சை படர்ந்திருக்கும். பட்டுப் புடவைகளைப் பருத்தித் துணியில் சுற்றி மேல்தட்டில் வைத்து, மாதம் ஒரு முறை மடிப்பை மாற்றுங்கள். ஏசியின் வடிகுழாயில் பாசி அடைத்துத் தண்ணீர் உள்ளே கசியாமல் இருக்க அவ்வப்போது வினிகர் ஊற்ற வேண்டும். கொலம்பஸின் ஜனவரியில் இட்லி மாவை அடுப்புப் பெட்டிக்குள் விளக்கைப் போட்டு வைத்து ராத்திரி முழுவதும் காத்திருந்தவர்கள், இங்கே கோடையில் சில மணி நேரத்திலேயே பாத்திரம் வழிவதைப் பார்ப்பார்கள். சமையலறையில் அந்த மாவு வாசனை எழும்போது ஊர் நினைவு வரத்தான் செய்யும். இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காயின் சுவை மட்டும் இங்கே எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை.

வேலையில் சேரும் தேதியைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் டிசம்பருக்கும் ஏப்ரலுக்கும் இடையில் வாருங்கள். சூறாவளிப் பருவம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. ஏப்ரலுக்குள் பாலிசி எடுத்துவிட்டால் காத்திருப்பு முடிந்து ஜூனில் அது அமலில் இருக்கும். பாலிசி ஓராண்டுக்குத்தான். வாடகைக்காரருக்காக எந்த வங்கியும் அதை நினைவில் வைத்துக் கட்டாது என்பதால், புதுப்பிக்க வேண்டிய தேதியைக் கணவன், மனைவி இருவரின் கைபேசியிலும் குறித்துவையுங்கள். தவறவிட்டால் காலாவதியான நாளிலிருந்து 30 நாட்களுக்குள் கட்டிவிடுங்கள்; அதைத் தாண்டினால் காப்பு அறுந்துபோய், மீண்டும் முதலிலிருந்து 30 நாட்கள் காத்திருக்க வேண்டியிருக்கும்.