ஜாஸ் டிரம்ஸிலிருந்து எலக்ட்ரானிக் இசைக்கு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மிருதங்கத்தில் ஆரம்பித்து, டிரம்ஸுக்கு மாறி, ஜாஸில் ஊறிய பிறகு லேப்டாப், சிந்தசைசர் பக்கம் சாய்கிறவர்கள் சிங்கப்பூரில் நம்மிடையே உண்டு. அவர்கள் இடறுகிற இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்.

முதலாவது, இயந்திரம்போல வாசிக்கப் பார்ப்பது. பிசிறில்லாமல் விடிய விடிய அடிப்பதற்கு ரோலண்டின் டிரம் மெஷின்கள் 808 இருக்கிறது, 909 இருக்கிறது. நாற்பது வருடமாக அந்த வேலையைச் செய்கின்றன. அதற்கு உங்களை எதற்குக் கூப்பிட வேண்டும்? நைஜீரியாவின் ஆஃப்ரோபீட் இசையை உருவாக்கியவர்களில் ஒருவரான டிரம்மர் டோனி ஆலன், எலக்ட்ரானிக் நடன இசையான டெட்ராய்ட் டெக்னோவின் ஜெஃப் மில்ஸோடு சேர்ந்து 2018-இல் ஓர் இசைத்தட்டு வெளியிட்டார். மில்ஸ் இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டார். ஆலன் தன் வழுக்கிச் செல்லும் நடையை விட்டுக்கொடுக்கவே இல்லை. கேட்டுப் பாருங்கள்.

அதற்காக இடம் கிடைத்த இடத்திலெல்லாம் ஃபில் (இடைவெளியை நிரப்பும் அலங்கார அடி) போடவும் கூடாது. ஜாஸில் சாக்ஸஃபோன்காரர் ஒன்று சொன்னால் ஸ்நேர் டிரம்மில் பதில் சொல்லலாம். பதிந்துவைத்ததையே திரும்பத் திரும்ப வாசிக்கும் சீக்வென்சருக்குக் காது கிடையாது. ஒரே நடையை நெடுநேரம் தாங்கிப் பிடித்து, ஹை-ஹாட் சிம்பலைச் சற்றே திறப்பதுபோல ஒன்றை மட்டும் மாற்றுங்கள். சொல்லப்போனால் சோலோவைவிட இதுதான் கடினம்.

கிளிக்கை, அதாவது மெட்ரோனோமின் தாளத் தட்டலைத் துரத்துவது இன்னொரு தவறு. இதற்கு நம் கையிலேயே மருந்து இருக்கிறது. நிமிடத்துக்கு 120 அடி வேகத்தில் வாசிக்க மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். வாயில் தகதிமி சொல்லிக்கொண்டு, கிளிக் எப்போதும் 'தி'யில் விழுமாறு வாசியுங்கள். இரண்டு தகதிமிக்கு ஒரு கிளிக். முதலில் தலை சுற்றும். பழகிவிட்டால் கிளிக் உங்களை இழுக்காது. இப்படி வாயால் தாளம் சொல்லும் கொன்னக்கோல் தெரிந்தவர்கள் அதை ஓரம்கட்டிவிடுவது எனக்குப் புரியவே இல்லை.

எலக்ட்ரானிக் பேடில் அடித்தால் ஒலி தாமதமாக வருகிறதா? கையைக் குறை சொல்லும் முன், கணினி ஒலியைச் சேர்த்துவைத்து வெளியிடும் பஃபரின் அளவைப் பாருங்கள். 44.1 கிலோஹெர்ட்ஸில் 512 சாம்பிள் என்றால் அது மட்டுமே ஏறக்குறைய 12 மில்லிநொடி. 128 என்றால் 3. அப்புறம், உங்கள் கிக் டிரம்மும் டிராக்கின் பேஸும் ஒரே தாழ்ந்த ஒலியில் முட்டிக்கொண்டால் இரண்டுமே கேட்காது. ஒன்று விலக வேண்டும்.

எலக்ட்ரானிக் கிட்டுக்குச் சத்தமே இல்லை என்று நம்பி வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் வாசிப்பவர்கள் கீழ்வீட்டுக்காரரைக் கேட்க வேண்டும். ஹெட்போனில் உங்களுக்கு இசை. கிக் பெடலின் அதிர்வு கான்கிரீட் வழியாக இறங்கி அவருக்கு வெறும் 'தொம் தொம்'. கம்பளம் மட்டும் விரித்தால் போதாது. இரண்டு பலகைகளுக்கு நடுவே டென்னிஸ் பந்துகளைப் பதித்து, அதன்மேல் கிட்டை வைத்தால் நன்றாகவே குறையும். முழுதாக நிற்காது. அதனால் இரவில் கிக்கை விட்டுவிட்டுக் கையை மட்டும் பழகுங்கள்.

ஜப்பானிலிருந்து பழைய டிரம் மெஷின் வாங்கினால் பின்பக்கத்தைப் படியுங்கள். அங்கே 100 வோல்ட், இங்கே 230. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் செருகினால் காசு புகையாகிவிடும்.

கடைசியாகப் பணம். சிங்கப்பூரின் இசைக் காப்புரிமை அமைப்பான காம்பஸ் வசூலித்துத் தரும் ராயல்டி, பாடலை எழுதியவர்களுக்கும் இசையமைத்தவர்களுக்கும் அவர்களது பதிப்பாளர்களுக்கும். டிரம்ஸ் வாசித்ததால் மட்டும் பங்கு வராது. தயாரிப்பாளரோடு உட்கார்ந்து பாட்டை உருவாக்கினீர்கள் என்றால், யாருக்கு எத்தனை சதவீதம் என்று அன்று ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன்பே வாட்ஸ்அப்பிலாவது எழுதி, அவரிடம் 'சரி' வாங்கிக்கொள்ளுங்கள்.