முதல் தலைமுறை வக்கீல் ஆக விரும்பும் பிள்ளைகளுக்கு

அம்பாசமுத்திரம் நீதிமன்றத்தில் சிவில் வழக்குகள் நடத்துகிறேன். பிளஸ் டூ ரிசல்ட் வந்ததும், மகளையோ மகனையோ கூட்டிக்கொண்டு யாராவது என் அலுவலகத்துக்கு வந்துவிடுவார்கள். "இவளை வக்கீலுக்குப் படிக்க வைக்கலாமாம்மா?" என்று கேட்பார்கள். என் அம்மாவும் பீடி சுற்றிக்கொண்டே பக்கத்து வீட்டு ஆசிரியரிடம் இதைத்தான் கேட்டார். எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் நீதிமன்றப் படி ஏறியதில்லை. அதனால் வருகிறவர்களுக்கு விவரமாகவே பதில் சொல்வேன். அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

சட்டம் படிக்க இரண்டு வழிகள். பிளஸ் டூ முடித்ததும் ஐந்தாண்டுப் படிப்பு, அல்லது ஏதாவது ஒரு பட்டம் பெற்ற பிறகு மூன்றாண்டு எல்.எல்.பி. இரண்டுக்கும், சட்டக் கல்வியையும் வக்கீல் தொழிலையும் ஒழுங்குபடுத்தும் இந்திய பார் கவுன்சில் வைத்திருக்கும் அடிப்படை மதிப்பெண் பொதுப் பிரிவினருக்கு 45 சதவீதம், பிற்படுத்தப்பட்டோருக்கு 42, பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 40. தமிழ்நாட்டு அரசு சட்டக் கல்லூரிகளில் ஐந்தாண்டுப் படிப்புக்கு நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே இடம் தருகிறார்கள். டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகத்தின் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 2021 முதல் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. மருத்துவத்துக்கும் பொறியியலுக்கும் மட்டும்தான் அது என்று பல பெற்றோர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். சட்டப் படிப்புக்கும் உண்டு, கேட்டு வாங்குங்கள்.

திருச்சியில் உள்ள தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர 'கிளாட்' என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். இரண்டு மணி நேரம், 120 கேள்விகள், எல்லாமே ஆங்கிலம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிவு. வசதியும் ஆங்கிலப் பழக்கமும் இருந்தால் முயன்று பாருங்கள். அங்கே இடம் கிடைக்காததற்காக ஓராண்டை வீட்டில் உட்கார்ந்து கழிக்க வேண்டாம். நான் படித்தது திருநெல்வேலி அரசு சட்டக் கல்லூரியில். எனக்கு எதிராக வாதாடும் சிலர் பெரிய பெயருள்ள கல்லூரிகளிலிருந்து வந்தவர்கள். நீதிபதி எங்கள் இருவரிடமும் கேட்பது ஒன்றுதான்: ஆவணம் எங்கே?

ஒரு விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பள்ளிப் படிப்பை முடிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பட்டம் வாங்கியிருந்தால், அதைக் கொண்டு எல்.எல்.பி. சேர முடியாது. 2008ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. பத்து, பிளஸ் டூ, பட்டம் என்று வரிசையாக வந்திருக்க வேண்டும். அதேபோல, "வகுப்புக்கு வர வேண்டாம், பரீட்சைக்கு மட்டும் வாருங்கள், பட்டம் எங்கள் பொறுப்பு" என்று வெளிமாநிலக் கல்லூரிகளின் பெயரைச் சொல்லிப் பணம் கேட்கும் தரகர்கள் எங்கள் பகுதியிலும் உலவுகிறார்கள். எல்.எல்.பி.யை அஞ்சல் வழியில் படிக்க முடியாது. ஒவ்வொரு பாடத்திலும் 70 சதவீத வருகை வேண்டும். நிலத்தை விற்று அந்தத் தரகர்களிடம் கொடுத்த குடும்பங்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அந்தப் பக்கம் போகாதீர்கள்.

கல்லூரியில் கைடு நூல்களை ஒதுக்கிவிட்டுச் சட்டத்தின் மூல வாசகத்தைப் படியுங்கள். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதா உள்ளிட்ட மூன்று புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறைக்கு வந்துவிட்டன. ஆனால் அந்தத் தேதிக்கு முன் நடந்த குற்றத்துக்குப் பழைய இந்திய தண்டனைச் சட்டம்தான் பொருந்தும். எனவே இன்னும் பல ஆண்டுகளுக்கு இரண்டையும் அறிந்திருக்க வேண்டும். சிவில் பக்கம் வர நினைப்பவர்கள் 1908ஆம் ஆண்டு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தையும் 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தையும் நன்றாகப் படித்துவிடுங்கள். ஆங்கிலத்துக்கு அஞ்ச வேண்டாம், அதற்காக அதை ஒதுக்கவும் வேண்டாம். கீழமை நீதிமன்றத்தில் தமிழில் சாட்சி விசாரிக்கலாம், தமிழில் வாதாடலாம். உயர் நீதிமன்றத்தில் ஆங்கிலம்தான். தினமும் ஒரு தீர்ப்பை அகராதியோடு உட்கார்ந்து படித்தால் மொழி தானாக வசப்படும்.

ஐந்தாண்டு மாணவர்களுக்கு 20 வாரம், மூன்றாண்டு மாணவர்களுக்கு 12 வாரம் களப்பயிற்சி கட்டாயம். சான்றிதழுக்காகக் கையெழுத்து வாங்கி அதை வீணாக்காதீர்கள். உங்கள் ஊர் முன்சீப் நீதிமன்றத்தில் போய் உட்காருங்கள். பெஞ்ச் கிளார்க் வழக்கு எண்ணைக் கூப்பிடும்போது யார் எழுந்திருக்கிறார், என்ன சொல்கிறார், எதற்கு வாய்தா கிடைக்கிறது, எதற்கு மறுக்கப்படுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.

பட்டம் கைக்கு வந்ததும் தமிழ்நாடு மற்றும் புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்ய வேண்டும். 21 வயது நிறைந்திருக்க வேண்டும். மதிப்பெண் பட்டியல்களோடு காவல் துறைச் சரிபார்ப்பும் கேட்பார்கள். அதற்கு நாளாகும் என்பதால் முன்கூட்டியே தொடங்கிவிடுங்கள். 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டப்படி பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாய், பட்டியல் சாதி மற்றும் பழங்குடியினருக்கு 125 ரூபாய். முத்திரைத் தீர்வை தவிர இதற்கு மேல் பதிவுக்காக எதுவும் வாங்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 30 அன்று தீர்ப்பளித்தது. அதற்கு முன் பல மாநிலங்களில் பல ஆயிரம் ரூபாய் கட்ட வேண்டியிருந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளுக்கு அந்தத் தீர்ப்பு எவ்வளவு பெரிய விடுதலை என்பது எனக்குத் தெரியும்.

பதிவு செய்த பிறகு முழுநேரச் சம்பள வேலையில் இருந்துகொண்டு வக்கீல் தொழில் செய்ய முடியாது. அகில இந்திய பார் தேர்வையும் இரண்டு ஆண்டுகளுக்குள் எழுதித் தேற வேண்டும். மொத்தம் 100 கேள்விகள், தமிழிலேயே எழுதலாம், குறிப்புகள் இல்லாத சட்டப் புத்தகத்தை உள்ளே கொண்டுபோகலாம். பொதுப் பிரிவுக்கும் பிற்படுத்தப்பட்டோருக்கும் 45 சதவீதம், பட்டியல் பிரிவினருக்கு 40 சதவீதம் எடுத்தால் போதும். கல்லூரியில் மூலச் சட்டத்தைப் படித்தவருக்கு இது சிரமமில்லை.

இனிமேல் சொல்லப்போவதுதான் என்னைப் பொறுத்தவரை முக்கியமானது. கறுப்புக் கோட்டும் வெள்ளைப் பட்டையும் கழுத்துக்கு வந்துவிட்டாலும், உங்களை வக்கீலாக்கப் போகிறவர், யாரிடம் ஜூனியராகச் சேர்ந்து தொழில் பழகுகிறீர்களோ அந்த சீனியர்தான். கல்லூரியைத் தேர்ந்தெடுக்க எவ்வளவு விசாரித்தீர்களோ, அதைவிட அதிகமாக சீனியரைப் பற்றி விசாரியுங்கள். எத்தனை வழக்கு வைத்திருக்கிறார், எவ்வளவு பெரிய வீடு என்று பார்க்காதீர்கள். அவருடைய பழைய ஜூனியர்கள் இப்போது தனியாகத் தொழில் செய்கிறார்களா என்று பாருங்கள். பெண் பிள்ளைகள் இன்னொன்றையும் கேட்க வேண்டும்: அந்த அலுவலகத்தில் பெண் ஜூனியர்கள் சாட்சி விசாரிக்கிறார்களா, இல்லை வாய்தா வாங்க மட்டும் அனுப்பப்படுகிறார்களா? ஆண்டுக்கணக்கில் வாய்தா மட்டுமே வாங்கி, குறுக்கு விசாரணையில் ஒரு கேள்விகூடக் கேட்காமல் தொழிலை விட்டுப்போன திறமையான பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அதில் எனக்குத் தீராத வருத்தம் உண்டு.

என் சீனியர் முதல் நாளே ஒரு வழக்குக் காகிதக் கட்டை எடுத்து என் முன் வைத்து, வழக்குரையின், அதாவது வழக்குத் தொடுக்கும் மனுவின், கடைசிப் பக்கத்தில் இருந்த தாவா சொத்து (வழக்கில் உள்ள சொத்து) விவரத்தை முதலில் படிக்கச் சொன்னார். சர்வே எண், விஸ்தீரணம் என்ற பரப்பளவு, செக்குபந்தி என்ற நான்கு எல்லைகள். அதை மூலப் பத்திரத்தோடும், வில்லங்கச் சான்றோடும், பட்டாவோடும் வரி வரியாக ஒப்பிட வேண்டும். வாய்க்காலுக்கு வடக்கு என்று பத்திரத்தில் இருப்பது வழக்குரையில் தெற்கு என்று ஏறியிருந்தால், சாட்சிக் கூண்டில் வழக்குக் கொடுத்த நம் கட்சிக்காரர் தடுமாறுவார். தீர்ப்பு கிடைத்தாலும், நிறைவேற்ற நீதிமன்ற ஊழியரான அமீனா போகும்போது நிலத்தில் நின்று தகராறு வரும். எங்கள் தாமிரபரணிக் கரை வழக்குகளில் பாதி, வாய்க்காலும் வரப்பும் சம்பந்தப்பட்டவை. இந்த ஒப்பீட்டை எந்தக் கல்லூரியும் எனக்குக் கற்றுத் தரவில்லை. இன்றும் எந்தக் கட்டு வந்தாலும் நான் சொத்து விவரத்திலிருந்துதான் தொடங்குகிறேன்.

உங்கள் வழக்கு முடிந்ததும் டீக்கடைக்குக் கிளம்பிவிடாமல், அடுத்தவரின் குறுக்கு விசாரணையை உட்கார்ந்து கேளுங்கள். குமாஸ்தாவிடம் மரியாதையாக இருங்கள். நகல் மனு எப்படிப் போடுவது, எந்த மனுவுக்கு எவ்வளவு கோர்ட் ஸ்டாம்பு என்பதை அவரைப்போல யாரும் சொல்லித்தர மாட்டார்கள். கட்சிக்காரருக்கு அடுத்த வாய்தா தேதியை எழுதிக் கொடுங்கள். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைக் கொடுத்து, இ-கோர்ட்ஸ் செயலியில் தேதியை எப்படிப் பார்ப்பது என்றும் காட்டுங்கள். கூலியை விட்டுவிட்டு வருகிறவர் அவர்.

பண விஷயத்தையும் கூச்சப்படாமல் பேசிவிடுங்கள். சென்னை, மதுரை, கோவையில் ஜூனியர்களுக்கு மாதம் குறைந்தது 20,000 ரூபாயும் மற்ற ஊர்களில் 15,000 ரூபாயும் உதவித்தொகை தர வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2024இல் சொன்னது. தாலுகா ஊர்களில் பல சீனியர்கள் அவ்வளவு தருவதில்லை. நான் என் ஜூனியருக்குத் தருகிறேன். சம்பளமே இல்லாமல் உழைப்பதைத் தியாகம் என்று சொல்லிப் பழக்கினால், வசதியான வீட்டுப் பிள்ளைகள் மட்டும்தான் இந்தத் தொழிலில் நிலைப்பார்கள்.

நீதிபதி ஆக விரும்புகிறவர்களும் இந்த ஜூனியர் காலத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சிவில் நீதிபதி தேர்வுக்கு மூன்று ஆண்டு வழக்கறிஞர் அனுபவம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 20 அன்று மீண்டும் கட்டாயமாக்கிவிட்டது. பார் தேர்வில் தேறுவதற்கு முன் கிடைக்கும் தற்காலிகப் பதிவு நாளிலிருந்தே அந்த அனுபவம் கணக்கிடப்படும். அதற்கான சான்றிதழை நீங்கள் தொழில் செய்யும் நீதிமன்றத்தின் முதன்மை நீதித்துறை அலுவலர் தர வேண்டும். இல்லையென்றால் பத்தாண்டு அனுபவமுள்ள வழக்கறிஞர் தந்து, அதில் அந்த நீதித்துறை அலுவலர் மேலொப்பமிட வேண்டும். ஆகவே முதல் வக்காலத்தில் கையெழுத்துப் போடும் நாளிலிருந்தே ஒரு டைரி வைத்து, ஆஜரான ஒவ்வொரு வழக்கின் எண்ணையும் தேதியையும், அன்று என்ன நடந்தது என்பதையும் எழுதி வாருங்கள்.