வாய்ப்புண்ணும் ஐந்து மில்லி பாலும்

சிங்கப்பூரின் ஈசூனில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், சென்ற ஆண்டு என் இரண்டு வயது மகளுக்குக் கை, கால், வாய்ப்புண் நோய் வந்தபோது, காய்ச்சலைவிட அவள் ஒரு மடக்குத் தண்ணீரைக்கூட விழுங்க மறுத்ததே எங்களைக் கலங்கடித்தது. தெம்பு வரட்டும் என்று நான் கொடுத்த ஆரஞ்சுச் சாறு, தொண்டையருகே இருந்த கொப்புளங்களில் பட்டதும் அவள் வீறிட்டாள். புளிப்பு புண்ணை எரிக்கும் என்பது அப்போது என் புத்திக்கு எட்டவில்லை.

பலதுறை மருந்தகத் தாதி, எடைக்கேற்ற அளவில் பாரசிட்டமால் கொடுத்து, அரை மணி நேரம் கழித்து வலி சற்று மட்டுப்பட்டதும், குளிர்ந்த பாலையோ ஓஆர்எஸ் எனும் உப்பு-சர்க்கரைக் கரைசலையோ ஊசியில்லாத சிரிஞ்சால் கன்னத்தின் உட்புறமாக மெல்ல விடச் சொன்னார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை 5 மில்லி என்றால் மணிக்கு 60 மில்லி உள்ளே போய்விடுகிறது. கிண்ணத்தோடு வீடெங்கும் துரத்தியதற்கு இது எவ்வளவோ மேல்.

டயப்பர் நனைந்த நேரங்களை நாட்காட்டியின் ஓரத்தில் குறித்துவைத்தேன். ஆறு மணி நேரம் காய்ந்தே இருந்தாலோ, அழும்போது கண்ணீர் வராவிட்டாலோ, துவண்டு கிடந்தாலோ உடனே அவசரப் பிரிவுக்குப் போகும்படி அவர் எச்சரித்திருந்தார். புண்ணில் மஞ்சள் தடவலாம் என்ற அம்மாவை ஒருவழியாகச் சமாளித்தேன். மூன்றாம் நாள் மாலை, ஆறிய கஞ்சியை அவளே கரண்டியால் அள்ளி, பாதியைச் சட்டையில் சிந்தியபடி உண்டாள். கொப்புளங்கள் காயும்வரை பாலர் பள்ளிக்கு அனுப்பவில்லை.