கல்லூரி நூலகத்தைக் கணினிக்கு மாற்றப் போகிறீர்களா? தமிழ்ப் பதிவிலிருந்து தொடங்குங்கள்

நூலகத்தை டிஜிட்டல் ஆக்குங்கள் என்று நிர்வாகம் சொன்னதும் பல கல்லூரிகளில் முதலில் வாங்குவது கணினிகளைத்தான். அப்புறம் ஒரு பெரிய திரை, வாசலில் கேட் ரெஜிஸ்டருக்குப் பதிலாக அடையாள அட்டையைத் தேய்க்கும் கருவி. கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். ஆனால் தமிழ்த்துறை மாணவி ஒருத்தி ஔவையார் என்று அடித்துத் தேடும்போது, ரேக்கில் பதினோரு புத்தகம் இருக்க, திரையில் நாலுதான் வருகிறது என்றால் மீதி ஏழும் அவளைப் பொறுத்தவரை நம்மிடம் இல்லாதவைதான். பல வருடமாகக் கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன் என்ற முறையில் சொல்கிறேன், பதிவு, அதாவது ஒவ்வொரு புத்தகத்துக்கும் கணினியில் ஏற்றும் தலைப்பு, ஆசிரியர் முதலான விவரம், சரியாக இருந்தால் மற்ற எல்லாவற்றையும் அதன்மேல் கட்டலாம். அதனால் இந்தக் கட்டுரையில் பாதிக்கு மேல் பதிவைப் பற்றித்தான் இருக்கும்.

மென்பொருளுக்கு அதிகம் அலைய வேண்டாம், கோஹா என்ற நூலக மென்பொருள் போதும். நியூசிலாந்தில் ஒரு சின்ன ஊர் நூலகத்துக்காக எழுதப்பட்டு 2000 ஜனவரியில் பயன்பாட்டுக்கு வந்தது. கோஹா என்றால் மாவோரி மொழியில் அன்பளிப்பு, பெயருக்கேற்ப இலவசம். லினக்ஸில் ஓடும், சின்னக் கல்லூரிக்கு 8 ஜிபி ரேம் உள்ள ஒரு சாதாரண மேசைக் கணினியே சர்வராகத் தாங்கும். இதற்கு முன்னால் நாங்கள் ஒரு தனியார் மென்பொருளைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தோம். பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்ததும் அவர்கள் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். ஒன்பதாயிரம் புத்தகத்தின் விவரமும் வெளியே எடுக்க முடியாத ஒரு கோப்புக்குள் மாட்டிக்கொண்டது, கடைசியில் பதிவேட்டைப் பார்த்து எல்லாவற்றையும் மறுபடி தட்டினோம். அதனால் எந்த மென்பொருளை வாங்கினாலும் ஒரே ஒரு கேள்வியை எழுத்தில் கேட்டு வாங்குங்கள்: என் பதிவுகள் அத்தனையையும் மார்க் 21 வடிவத்தில் (நூலக மென்பொருள்கள் பதிவுகளைப் பரிமாறிக்கொள்ளும் பொது வடிவம்) நானே வெளியே எடுக்க முடியுமா? முடியாது என்றாலோ இழுத்தடித்தாலோ வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

கோஹாவை நிறுவித் தருபவரிடம் ஒன்றை மறக்காமல் சொல்லுங்கள். அதன் தேடல் பகுதிக்கு ஸீப்ரா என்று பெயர். அதில் எழுத்துகளைக் கையாளும் முறை ஐசியூ என்று அமைக்கப்பட்டிருக்க வேண்டும், இல்லையென்றால் தமிழ்த் தேடல் ஒழுங்காக நடக்காது. நடுவில் மாற்றினால் இன்டெக்ஸை, அதாவது தேடலுக்கான அட்டவணையை, முழுவதும் மறுபடி கட்ட வேண்டும்.

சரி, பதிவுக்கு வருவோம். ஆங்கிலப் பாடநூல்களுக்குப் பெரிய சிரமம் இல்லை, ஐஎஸ்பிஎன் எண்ணைக் கொடுத்தால் கோஹாவே வேறு நூலகங்களில் தேடிப் பதிவை இறக்கிக்கொள்ளும். தமிழ்ப் புத்தகத்துக்கு அப்படிச் செய்யாதீர்கள். அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்திலிருந்து தமிழ் நூல்களுக்குக் கிடைக்கும் பதிவுகளில் பெரும்பாலும் தலைப்பு ரோமன் எழுத்தில், மேலும் கீழும் புள்ளிகளும் கோடுகளும் போட்டுத்தான் இருக்கும். நம் மாணவர் யாரும் அப்படித் தட்டித் தேடப் போவதில்லை. புத்தகத்தைக் கையில் எடுத்து, தலைப்புப் பக்கத்தைப் பார்த்து, தமிழிலேயே அடியுங்கள். ரோமன் வடிவம் வேண்டுமானால் மார்க் பதிவில் வேறு எழுத்து வடிவத்துக்கென்று இருக்கும் 880 புலத்தில் போட்டுக்கொள்ளலாம்.

அடிக்கும்போது யூனிகோடு மட்டும். பழைய பட்டியல் பாமினி, வானவில் மாதிரி எழுத்துருவில் இருந்தால் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள், என்எச்எம் கன்வர்ட்டர் அதற்கு நன்றாக உதவும். இனிமேல்தான் நிறையப் பேர் கவனிக்காத இடம் வருகிறது. ஔவையார் என்பதை இரண்டு விதமாக அடிக்கலாம். சரியான முறையில் ஔ என்பது ஒரே எழுத்து. அவசரத்தில் ஒ அடித்து அதன் பக்கத்தில் ள அடித்தால் ஒளவையார் என்று வரும். பல எழுத்துருக்களில் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, கணினிக்கோ இரண்டும் வேறு வேறு சொற்கள். நான் மேலே சொன்ன ஏழு புத்தகமும் இப்படித் தொலைந்தவைதான். கௌரவம், பௌர்ணமி, சௌந்தரம் எல்லாவற்றிலும் இதே சிக்கல். ஸ்ரீ என்ற எழுத்தையும் யூனிகோடில் இரண்டு விதமாகச் சேர்க்க முடியும், திரையில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றாகவே தெரியும்.

திருத்துவது எப்படி? தலைப்பும் ஆசிரியர் பெயரும் உள்ள பட்டியலை எக்செல்லில் இறக்குங்கள், 'ஒள' வரும் வரிகளையும் 'ெள' வரும் வரிகளையும் வடிகட்டுங்கள். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றையும் மாற்று என்று அழுத்திவிடாதீர்கள். ஒளி என்ற சொல்லில் ஒவும் ளியும் நியாயமாகவே தனித்தனி எழுத்துகள். வெள்ளி, தெளிவு, பெளதிகம் என்று மூன்று தலைப்பு வந்தால் மூன்றாவதை மட்டும்தான் திருத்த வேண்டும். மொத்தமாக மாற்றினால் இருக்கிற நல்ல பதிவும் கெட்டுப்போகும், ஒவ்வொரு வரியாகப் பார்த்துத்தான் தீர வேண்டும். எங்களுக்கு இரண்டு மதியங்கள் ஆயின.

ஆசிரியர் பெயர் இன்னொரு தலைவலி. ஒரே ஆள் ஒரு புத்தகத்தில் உ. வே. சாமிநாதையர், இன்னொன்றில் சாமிநாத ஐயர், மூன்றாவதில் உ.வே.சா. கோஹாவில் ஆசிரியர்களுக்குத் தனிப் பதிவு வைக்கும் வசதி உண்டு. ஒரு வடிவத்தை முதன்மையாக வைத்து, மற்றவற்றை அதன் கீழ் சேர்த்துவிட்டால் எதைத் தட்டினாலும் எல்லாம் வரும். முன்னெழுத்துக்குப் பின் இடைவெளி விடுவதா வேண்டாமா என்பதையும் முதல் நாளே முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி, தட்டச்சு செய்பவர் மேசையில் ஒட்டிவிடுங்கள்.

பார்கோடு எண்ணாக அக்சஷன் எண்ணையே (புத்தகம் வந்ததும் பதிவேட்டில் போடும் வரிசை எண்) வைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் நிதானமாக ஒரு நாளைக்கு 60 புத்தகம் வரை பதிவு செய்யலாம், இரண்டு பேர் என்றால் 20,000 புத்தகத்துக்கு ஏறக்குறைய 170 வேலை நாள். இதை நிர்வாகத்திடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நூறு வேண்டும் என்று அவசரப்படுத்தினால் பிழைதான் பெருகும்.

மின்னிதழ்கள் பற்றி. மத்திய, மாநில அரசுகள் நடத்தும் கல்லூரி என்றால் உங்களுக்கு 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டம் இருக்கிறது. 2024 நவம்பரில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது, மூன்று வருடத்துக்கு 6,000 கோடி ரூபாய், 30 பதிப்பகங்களின் கிட்டத்தட்ட 13,000 ஆய்விதழ்கள். மற்ற கல்லூரிகள் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் கல்லூரிகளுக்காக நடத்தும் என்-லிஸ்ட் என்ற மின்னிதழ், மின்னூல் திட்டத்தில் சேரப் பாருங்கள். அதில் ஒவ்வொருவருக்கும் தனிப் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கிடைக்கும், வீட்டிலிருந்தும் திறக்கலாம். நான் பார்த்தவரை சந்தா இருப்பது ஆசிரியர்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. அரங்கில் இருநூறு பேரை உட்காரவைத்து ஸ்லைடு போட்டுக் காட்டுவதால் இது மாறுவதில்லை. ஆறு பேரை அழையுங்கள், ஒவ்வொருவரும் தன் ஆய்வுத் தலைப்போடு வரட்டும், ஒரு கட்டுரையையாவது அவரவர் கையாலேயே இறக்கிய பிறகுதான் எழுந்து போக வேண்டும். ஆய்வு மாணவர்களுக்கு இந்தியப் பல்கலைக்கழக ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் சோத்கங்கா தளத்தைக் காட்டும்போது, தங்கள் தலைப்புக்குப் பக்கத்தில் இருக்கும் ஓர் ஆய்வேட்டைத் திறந்து நேராகத் துணைநூற்பட்டியலுக்குப் போகச் சொல்லுங்கள். எந்தப் புத்தகங்களைத் தேட வேண்டும் என்று அங்கேயே தெரிந்துவிடும்.

ஸ்கேன் செய்யும் ஆசை எல்லாருக்கும் வரும். அதற்கு முன்னால் அந்த நூல் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் இருக்கிறதா, இலங்கை வெளியீடு என்றால் நூலகம் அறக்கட்டளையின் தளத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்கெனவே இருப்பதை மறுபடி ஸ்கேன் செய்வது வீண் உழைப்பு. உங்கள் கல்லூரியில் மட்டும் இருப்பது எது? கல்லூரி ஆண்டு மலர், பழைய கேள்வித்தாள், எம்.ஃபில். ஆய்வேடு, நாடக விழா அழைப்பிதழ். அதிலிருந்து தொடங்குங்கள். 300 டிபிஐக்குக் குறையாமல் எடுத்து, மூலத்தை டிஃப் கோப்பாகவும், படிப்பதற்குப் பிடிஎஃப்பாகவும் வையுங்கள். தைத்திருக்கும் முதுகை வெட்டிப் பிரிக்காதீர்கள். இவற்றை வைக்க டிஸ்பேஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம். காப்புரிமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்: ஆசிரியர் இறந்த அடுத்த வருடத் தொடக்கத்திலிருந்து 60 வருடம். அதாவது 1964-இல் இறந்தவர் தம் வாழ்நாளில் வெளியிட்ட நூல்கள் 2025 ஜனவரி 1 அன்றுதான் பொதுவுக்கு வந்தன. நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை.

காப்புப் பிரதி தினமும் தானாக எடுக்கும்படி அமைத்து, வாரம் ஒருமுறை கட்டடத்துக்கு வெளியே ஒரு பிரதி போகட்டும். மாதம் ஒருமுறை அதை வேறொரு கணினியில் ஏற்றி, ஏதாவது பத்துப் புத்தகத்தைத் தேடிப் பாருங்கள். திறந்து பார்க்காத காப்புப் பிரதியை நம்பிப் படுத்துத் தூங்க என்னால் முடியாது.

எல்லாம் முடிந்ததும் பழைய அக்சஷன் பதிவேட்டை எடைக்குப் போட ஒருவர் யோசனை சொல்வார். கொடுக்காதீர்கள். எந்தப் புத்தகம் எந்த வருடம் என்ன விலைக்கு வந்தது, யார் அன்பளிப்பாகக் கொடுத்தார் என்பதெல்லாம் அந்தக் கையெழுத்தில்தான் இருக்கிறது. முதலில் அதை ஸ்கேன் செய்யுங்கள், பிறகு துணி சுற்றிப் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள்.