டர்போ வண்டியை ரீமேப் செய்ய நான் கடைப்பிடிக்கும் வரிசை

ரீமேப் என்றால் எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டரான ஈசியூவில் உள்ள எண்களை மாற்றி எழுதுவது. லேப்டாப்பை வண்டியில் மாட்டியதும் கை பரபரக்கும். உடனே ஃபைலைத் திறந்து பூஸ்டை, அதாவது டர்போ எஞ்சினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தத்தை, ஏற்றிவிடத் தோன்றும். நான் முதல் நாளில் ஓர் எண்ணைக்கூட மாற்றுவதில்லை. கம்பெனி போட்ட மேப்பிலேயே வண்டியை ஓட்டி லாக் (சென்சார் அளவீடுகளின் பதிவு) எடுப்பேன். அது சுத்தமாக இருந்தால்தான் அடுத்த வேலை.

இந்தப் பழக்கம் என் சொந்த வண்டியில் வந்தது. 1.4 லிட்டர் டர்போ பெட்ரோல். டைனோவில் (வண்டியை நின்ற இடத்திலேயே உருளைகள்மேல் ஓட்டி அளக்கும் கருவி) நான்காவது கியரில் 1,800 ஆர்பிஎம்மில் இருந்து 6,000 வரை ஆக்சிலரேட்டரை முழுக்க அழுத்தி லாக் எடுத்தேன். ஈசியூ கேட்ட பூஸ்ட் 0.9 பார். வந்தது 0.75. ஓட்டும்போது எந்த வித்தியாசமும் தெரிந்ததில்லை, எஞ்சின் விளக்கும் எரியவில்லை. ஆனால் குறையும் காற்றை ஈடுகட்ட ஈசியூ வேஸ்ட்கேட்டை (எக்ஸாஸ்ட் புகையை டர்போவைச் சுழற்றாமல் திருப்பிவிடும் கதவு) ஏறக்குறைய முழுதாக மூடி வைத்திருப்பது லாக்கில் தெரிந்தது. பம்பருக்குக் கீழே கையை விட்டு டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸைத் தடவினேன். கிளாம்ப் ஓரத்தில் பிசுபிசுவென்று எண்ணெய், அதன்மேல் தூசி அப்பிக் கறுப்பாக ஒரு வளையம். சோப்புத் தண்ணீரைப் பூசி, குழாய்க்குள் 0.5 பார் காற்றை ஏற்றியதும் அங்கே நுரை பொங்கியது. ஹோஸின் அடிப்பக்கத்தில் விரல் நகம் அளவுக்கு ஒரு வெடிப்பு. அந்த நிலையில் 1.2 பார் கேட்டிருந்தால், டர்போ தன் எல்லையை மீறிச் சுழன்றிருக்கும்.

அதனால் லாக்கில் கேட்ட பூஸ்ட், வந்த பூஸ்ட், உள்ளே போகும் காற்றின் சூடு, லாம்டா (காற்று-பெட்ரோல் கலவையின் அளவு, 1-க்குக் கீழே என்றால் பெட்ரோல் அதிகம்), இன்ஜெக்டர்களுக்குப் போகும் பெட்ரோலின் ரெயில் பிரஷர் எல்லாம் இருக்கட்டும். முக்கியமாக, நாக் (கலவை கட்டுப்பாடின்றி வெடித்துத் தட்டுவது) காரணமாக ஒவ்வொரு சிலிண்டரிலும் இக்னிஷன் டைமிங் (பொறி விழும் நேரம்) எத்தனை டிகிரி பின்வாங்குகிறது என்று பாருங்கள். ஒரே ஒரு சிலிண்டர் தனியாகப் பின்வாங்கினால் முதலில் அதன் ஸ்பார்க் பிளக்கையும் காயிலையும் சோதியுங்கள். பிளக் எப்படியும் புதிதாகப் போடுவது நல்லது. அழுத்தம் கூடும்போது பொறி தடுமாறாமல் இருக்க இடைவெளியைச் சற்றுக் குறைத்து வைப்பார்கள்.

சரி, வண்டி ஆரோக்கியமாக இருக்கிறது. இப்போது ஈசியூவில் இருந்து ஸ்டாக் ஃபைலை, அதாவது கம்பெனி மேப்பை, எடுக்கலாம். பல வண்டிகளில் வண்டியைச் சோதிக்கப் பயன்படும் ஓபிடி சாக்கெட் வழியாகவே முடியும், சிலவற்றில் ஈசியூவைக் கழற்றி மேசையில் வைத்துத்தான் படிக்க முடியும். எடுத்ததை இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். திரும்பிப் போக உங்களுக்கு இருக்கும் ஒரே வழி அதுதான்.

ஃபைலைத் திறந்ததும் பலர் பூஸ்ட் டேபிளைத்தான் தேடுவார்கள். அதை மட்டும் ஏற்றினால் ஒன்றும் நடக்காது. இன்றைய ஈசியூக்களில் பெரும்பாலானவை டார்க்கை (எஞ்சினின் சுழற்று விசையை) வைத்துக் கணக்குப் போடுபவை. நீங்கள் ஆக்சிலரேட்டரை அழுத்துவது 'இவ்வளவு டார்க் வேண்டும்' என்ற கோரிக்கை. அதற்கு எவ்வளவு காற்று வேண்டும், அந்தக் காற்றுக்கு எவ்வளவு பூஸ்ட் வேண்டும் என்று ஈசியூ படிப்படியாகப் போகும். இடையில் எஞ்சினுக்கு ஒரு வரம்பு, கியர்பாக்ஸுக்கு ஒரு வரம்பு. இவற்றில் ஒன்றை விட்டுவிட்டாலும் ஈசியூ த்ராட்டிலை மூடிவிடும், அல்லது டைமிங்கைப் பின்னிழுத்துவிடும். எனவே டார்க் கோரிக்கை, டார்க் வரம்புகள், காற்று அளவு, பூஸ்ட், கடைசியாக டைமிங் என்று அதே வரிசையில் மாற்றுங்கள்.

எவ்வளவு ஏற்றலாம்? சின்ன டர்போ எஞ்சின்களில் 2,000 ஆர்பிஎம்முக்குக் கீழே நான் கையே வைப்பதில்லை. நேரடி இன்ஜெக்‌ஷன் எஞ்சினில் குறைந்த சுற்றில் அதிக லோடு விழுந்தால், பொறி வருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்ளும். ஒரே ஒரு முறை நடந்தாலும் பிஸ்டன் உடையக்கூடும். டார்க் 2,500-ஐ ஒட்டி மெதுவாக எழட்டும். மேல் சுற்றில் பூஸ்டைப் படிப்படியாக இறக்குங்கள். அங்கே சின்ன டர்போவால் முடியாது, மூச்சு முட்டிச் சூடான காற்றைத்தான் தள்ளும்.

டைமிங்கை ஒரு நேரத்தில் 1 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். முழு லோடில் லாம்டா 0.85 பக்கம் இருந்தால் எனக்கு நிம்மதி. எக்ஸாஸ்ட் சூட்டைக் கணக்கிட்டுப் பெட்ரோலைக் கூட்டித் தரும் பாதுகாப்பை அணைக்கவே அணைக்காதீர்கள், அது டர்போவின் உயிர். நாக் சென்சாரும் அப்படித்தான்.

ஃபைலை ஈசியூவில் திரும்ப எழுதும் முன் செக்சம் (ஃபைல் பிழையில்லை என்று ஈசியூ சரிபார்க்கும் எண்) சரியாகிவிட்டதா என்று பாருங்கள், இல்லையென்றால் வண்டி ஸ்டார்ட் ஆகாமலே போகலாம். எழுதும் நேரம் முழுக்கப் பேட்டரிக்கு நிலையான சார்ஜர் கொடுங்கள். வோல்டேஜ் 13-க்குக் கீழே போக வேண்டாம். ஹெட்லைட், ஏசி ஃபேன் அணைந்திருக்கட்டும், லேப்டாப் தூங்கிப்போகாதபடி அமைத்துவிடுங்கள். பாதியில் நின்றால் ஈசியூவைக் கழற்றித்தான் மீட்க வேண்டியிருக்கும், சில சமயம் அதுவும் முடியாது.

அப்புறம் மறுபடியும் லாக். டைனோவிலோ மூடிய டிராக்கிலோ எடுங்கள், பொது ரோட்டில் வேண்டாம். ஒரு முறைக்கு ஒரே ஒரு விஷயத்தை மாற்றுங்கள். என் வண்டியில் இது ஒன்பது ஃபைல்கள் வரை போனது. மூன்றாவது சிலிண்டர் 4 டிகிரி பின்வாங்கியதைப் பார்த்து ஐந்தாவது ஃபைலில் ஏற்றிய டைமிங்கை ஆறாவதில் இறக்கினேன். பவர் கொஞ்சமும் குறையவில்லை, ஓட்டம் மட்டும் வழுவழுப்பானது.

கிளட்ச் பற்றி ஒரு வார்த்தை. மேல் கியரில் முழுக்க அழுத்தும்போது வேகம் ஏறாமல் ஆர்பிஎம் மட்டும் ஏறினால் கிளட்ச் நழுவுகிறது. டார்க்கை இறக்குங்கள், அல்லது கிளட்ச்சை மாற்றுங்கள். இன்சூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தைத் தெரிவித்துவிடுங்கள். எஞ்சின் வாரண்டி போய்விடலாம் என்பதையும் முன்பே ஏற்றுக்கொண்டு இறங்குங்கள். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் கழற்றச் சொல்பவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள்.

எந்த ஆக்டேன் பெட்ரோலில் டியூன் செய்தீர்களோ அதையே போடுங்கள். அது கிடைக்காத இடங்களுக்குப் போவதாக இருந்தால், டைமிங்கும் பூஸ்டும் குறைத்த இன்னொரு ஃபைலைத் தயாராக வைத்திருங்கள். குளிர்ந்த காலையில் எடுத்த லாக்கை நம்பி நிறுத்திவிடாமல், நல்ல வெயில் நாளில் இன்னொன்று எடுத்துப் பாருங்கள். அதிலும் டைமிங் நிலையாக நின்றால் லேப்டாப்பை மூடி வைக்கலாம்.